முட்டிக்கென்று நீ அனுப்பிய பவுடர்

ஊரிகம்,
6-2-2001, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மமதாவுக்கு அம்மா தாயம்மா எழுதிக்கொள்வது.

உனக்கும் மாப்பிள்ளை பிரேமுக்கும் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு பிரிக்காதே. ரூமுக்குப் போய், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி. வழக்கமாக அடுத்த வரியில் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை ஓட்டுவேன். இன்றைக்கு அந்த வரியை மூன்று தடவை எழுதப் போய் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரிசியை ஊறப்போட்டுவிட்டு அதே அரிசியை வீடெல்லாம் தேடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கொலாஜன் பவுடர் டப்பாவை இனிமேல் அனுப்பாதே. அடுத்த மாதம் காத்தவராயன் மாமா துபாயிலிருந்து வரும்போது இரண்டு டப்பா கொடுத்தனுப்புவதாகச் சொன்னாயே, அதையும் நிறுத்திவிடு. உன் மேல் கோபம் இல்லை. இல்லை என்று மொட்டையாக எழுதினால் அதுவும் பொய். சனிக்கிழமை மத்தியானம் உன் மேல், அந்தக் கடை மேல், டப்பாவில் சிரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரி மேல், எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போது தணிந்துவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை நீ பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சர் போனுக்குக் கூப்பிடும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே அப்பா போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஜூன் மாதம் முதல் டப்பாவோடு நீ போட்ட கடிதம் ஞாபகம் இருக்கிறதா? உடம்புக்குள் கொலாஜன் என்று ஒரு சரக்கு இருக்கிறது, தோலையும் எலும்பையும் மூட்டையும் தாங்கிப் பிடிப்பது அதுதான், வயதாக ஆக அது குறைந்துவிடும், இந்தப் பவுடர் குறைந்ததை நிரப்பிவிடும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாய். மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது அம்மா என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், நுரையீரலில்கூட அது இருக்கிறதாம் அப்பா என்று ஒரு வரி போட்டிருந்தாய். முட்டிவலிக்கென்று நீ அனுப்பிய டப்பாவோடு வந்த அந்த ஒரு வரிதான் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தொரு வருஷம் பூமிக்கு அடியில் தங்கச் சுரங்கத்தில் மரம் வைத்தவர் அவர். மேல்பாறை இறங்காமல் முட்டுக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. தாங்கிப் பிடிப்பது என்ற வார்த்தையைப் படித்ததும் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இன்னாமே இது நம்ம வேலதான், அடில லெவல் வழியில பாறை எறங்கினா இன்னா செய்வோம், கேஜ் கூண்டுல மரத்த எறக்குவோம், இவுங்களும் உள்ளார மரந்தான் எறக்கறாங்க என்று எனக்கே வகுப்பு எடுத்தார். நீ ஒரு ஸ்பூன் என்று எழுதியிருந்தாய். அவர் இரண்டு ஸ்பூன் போட்டார். கேட்டதற்கு, ஒரு முட்டு நிக்காத எடத்துல ரெண்டு முட்டு வெக்கறதில்லையா என்றார். முப்பத்தொரு வருஷம் அப்படி வைத்து ஒருவனையும் சாகக் கொடுக்காதவரிடம் நான் என்ன வாதாடுவது? நானே கலக்கிக் கொடுத்தேன். காலையில் ஒரு டம்ளர், பொழுது சாய்ந்ததும் ஒரு டம்ளர். இதிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது என்று சாயங்காலச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

இப்போது நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. முட்டிவலி உண்மைதான். ஆனால் அது பெரிசில்லை. அவருக்கு மூச்சு, மமதா. இரண்டரை வருஷமாக மூச்சு. குழாயடிக்குப் போய் வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார். நிற்கும்போது யாராவது பார்த்தால் செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வார். போனில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்று சொல்லிவிடுகிறாரே, உனக்குப் போன் கார்டு தீர்ந்துவிடும் என்ற கரிசனம் என்று நினைத்திருப்பாய். மூன்றாவது வார்த்தைக்கு அவரிடம் மூச்சு இருக்காது. கவிச்சியை விட்டது உனக்கு விசா கிடைத்ததற்காக என்று சொன்னோம். இல்லை, நெஞ்சுக்காகத் திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்டு விட்டார். ஒன்றரை வருஷமாக வீட்டில் மீன் வாசனைகூடக் கிடையாது.

சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற பெயர் நம் லைன் வீடுகளில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எத்தனை பேர் போவதைப் பார்த்திருக்கிறோம். அதனாலேயே நாங்கள் இருவரும் அந்தப் பெயரை வீட்டுக்குள் விடவில்லை. சளி என்றோம், பனி என்றோம், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற தூசி என்றோம். டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயெடுத்தால், பவுடர் வேலை செய்யுது, கொஞ்சம் பொறு என்பார்.

வேலை செய்கிறது என்றுதான் நானும் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கண்ணால் பார்த்து நம்பினேன். மூன்றாவது மாதமே முட்டி வலிக்கவில்லை என்றார். விரல் நகம் எல்லாம் மொழுமொழு என்று உருண்டு வளைந்து பளபளத்தது. நகம் நன்றாக வளரும் என்று டப்பாவோடு வந்த காகிதத்தில் போட்டிருந்ததை ஜெயசீலி படித்துச் சொல்லியிருந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்து லைனில் நாலு பேருக்குக் காட்டினேன். என் அறிவை என்னவென்று சொல்ல.

சனிக்கிழமை நாங்கள் டாக்டரிடம் போனது அவருக்காக இல்லை. அதைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஜெயசீலிக்கு முட்டிவலி. அவள் எதையும் விசாரிக்காமல் வாயில் போடுகிறவள் இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் சுமாவிடம் காட்டிக் கேட்டுவிடலாம் என்றாள். உன் அப்பா, நானும் வரேன், குடிச்சவன் நான்தானே, சாட்சி வேணாவா என்று தானே கிளம்பிவிட்டார். தனக்கென்று போக மாட்டாதவர் பவுடருக்குச் சாட்சி சொல்லச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் சுமா கன்னடக்காரப் பெண். தமிழ் நன்றாகப் பேசுகிறார். உன் வயதுதான் இருக்கும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இது எதிலிருந்து செய்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டார். ஏதோ பழம், வேர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாட்டின் தோலையும் எலும்பையும் வேகவைத்து, பொடியாக உடைத்து, உலர்த்திச் செய்வது என்றார். நீங்க ஆட்டுக்கால் சூப்பு வெப்பீங்கல்ல அம்மா, ஆறினா பாத்திரத்துல கட்டியா உறையுமே, அதுக்கு இது சொந்தக்கார சரக்கு என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் லைனில் மாட்டுக்கறி ஒன்றும் அதிசயம் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் இந்த மனிதர் போன ஆடியில் நான் பக்கத்து வீட்டுக்கு ஆட்டுக்கால் ஆய்ந்து கொடுத்ததற்கே ஒரு நாள் முழுக்க என் கைத் தண்ணீர் குடிக்காதவர். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் சிரிக்கிறார். அப்போ எட்டு மாசமா முருகன் கண்ணுல மண்ண தூவிட்டு காலையில ரெண்டு ஸ்பூன் மாடு, சாயங்காலம் ரெண்டு ஸ்பூன் மாடு, இன்னா டாக்டரம்மா, என்று சொல்லிச் சிரிக்கிறார். ஜெயசீலியும் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். அப்பாவின் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டார். உதடு நாவல்பழம் தின்றது போல ஆகிவிட்டது.

டாக்டர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். முதலில் நெஞ்சைத் தொடவில்லை. அப்பாவின் விரலைத்தான் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். நான் நாலு பேருக்குக் காட்டிய அதே நகம். ரொம்ப நாளாக நெஞ்சில் நோய் இருக்கிறவர்களுக்குச் சில சமயம் நகம் இப்படி உருண்டு வளையும் என்று பிறகு சொன்னார். முட்டி வலிக்கவில்லை என்றாரே என்று கேட்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று திருப்பிக் கேட்டார். குழாயடி வரைக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நடந்தால்தானே முட்டி வலிக்க? மூச்சு அவரை உட்கார வைத்துவிட்டது, நான் பவுடருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எடை பார்த்தார்கள். மைன்ஸை விட்டு நின்றபோது இருந்ததைவிட ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. தினம் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

நாலு கடை தள்ளி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தோம். அதற்குள் அவருக்கு மூச்சு நிதானமாகிவிட்டது. டாக்டர் அப்பா என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டுக்கொண்டு, அப்பாவின் பாஷையிலேயே பேசினார். அப்பாதான் முதலில் கேட்டார். சரிம்மா, நான் எறக்கின மரம் எங்க போச்சு, அத சொல்லுங்க என்றார்.

மரம் மரமாகப் போய்ச் சேராது ஐயா என்றார் டாக்டர். தோலோ எலும்போ மீனோ பருப்போ, எதைத் தின்றாலும் வயிறும் குடலும் அதை அறுத்துச் சின்னச் சின்னத் துண்டாக்கிவிடும். ரத்தத்தில் போவது அந்தத் துண்டுதான். அதை எடுத்து எங்கே எதைக் கட்டுவது என்று உடம்புதான் முடிவு செய்யும், இது முட்டிக்கு, இது நெஞ்சுக்கு என்று நாம் விலாசம் எழுதி அனுப்ப முடியாது என்றார். அப்பா உடனே பிடித்துக்கொண்டார். கேஜ் வாசல்லயே அறுத்துத் தூளாக்கிடுதுன்னு சொல்லுங்க என்றார். டாக்டர் ஆமாம் என்றார். அதே துண்டுகள் முட்டையிலும் பருப்பிலும் வேர்க்கடலையிலும் இருக்கிறதாம். பார்க்கப்போனால் உடம்புக்கு வேண்டிய ஒன்றிரண்டு துண்டு இந்தப் பவுடரில் இல்லவே இல்லையாம். இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தவர் இளைக்காமல் என்ன செய்வார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஜெயசீலி தன் முட்டியை விடவில்லை. அதற்காவது கேட்குமா என்றாள். வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்கள், சிலருக்கு வலி கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கிறார்கள், வெறும் மாவைப் பவுடர் என்று கொடுத்தபோதும் சிலர் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றார். குடித்தால் பெரிய கெடுதல் இல்லை, அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது, தொடைக்குப் பயிற்சி கொடுங்கள், எடையைக் குறையுங்கள் என்று அவளுக்குச் சொன்னார். அவள் முகம் சுருங்கிவிட்டது. டீச்சருக்கு எடையைப் பற்றிப் பேசினால் பிடிக்காது.

அப்போ நெஞ்சுக்கு, என்று அப்பா கேட்டார். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கறுப்புத் துணியில் அரிசியை வாரி இறைத்த மாதிரி இருந்தது. மேல் பக்கம் இரண்டிலும் அரிசி ஒன்றாகச் சேர்ந்து கட்டியாக நிற்கிறது. உள்ளே போன கல் தூசியை உடம்பால் வெளியே தள்ள முடியாது ஐயா, அதனால் ஒவ்வொரு தூசியையும் சுற்றிச் சுற்றி மூடப் பார்க்கிறது, வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு வருமே, அந்த மாதிரி நுரையீரல் முழுக்கத் தழும்பு, தழும்பு விரியாது, அதனால்தான் மூச்சு இழுக்க முடியவில்லை என்றார். உன் அப்பா கெட்டிக்காரர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா. அந்தத் தழும்பு எதால ஆனது என்று கேட்டார்.

டாக்டர் மேசை மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, கொலாஜன்தான் ஐயா என்றார்.

மமதா, எனக்கு அந்த நிமிஷம் என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. டாக்டர் வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. எட்டு மாதம். ஒரு நாள் தவறாமல், என் கையால், கட்டி தட்டாமல் கலக்கி, ஆற்றி, குடிக்கிறாரா என்று நின்று பார்த்துக் கொடுத்தது. அதேதான் உள்ளே இருந்து அவர் மூச்சை அடைக்கிறது என்று ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் எழுந்து அந்த டப்பாவைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் அடித்தேன். மூடி தெறித்து, சுவரெல்லாம், டாக்டரின் செருப்பெல்லாம் பவுடர். கொன்னுட்டனே, என் கையாலயே கொன்னுட்டனே என்று கத்தினேனாம். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்களாம். ஜெயசீலி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். குடித்தது நெஞ்சுக்குப் போகவில்லை. அந்தத் தழும்பு இந்த டப்பாவிலிருந்து வந்ததில்லை, அவர் உடம்பு தானே கட்டியது, அவர் குழிக்குள் இறங்கிய காலத்தில் ஆரம்பித்தது, இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறது. பவுடரால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ இதைப் படித்துவிட்டு என்னைப் போலக் கத்துவாய் என்று தெரியும், அதனால்தான் நானும் அதையே உனக்கு எழுதுகிறேன். நீ அனுப்பியதால் இல்லை. நான் கலக்கியதால் இல்லை. இதை இன்னொரு தடவை படி.

நாங்கள் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்யும்போது அப்பா எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டு பத்தாம இல்லமே, அளவுக்கு மேல வெச்சிட்டாங்க, மரத்த வெச்சு வெச்சே லெவல அடச்சிட்டாங்க, காத்து போக வழியில்ல என்றார். ஏதோ வேறு யாருடைய வேலையிலோ குற்றம் கண்டுபிடிப்பது போலச் சொன்னார். பிறகு குனிந்து கூடையிலிருந்து டப்பாவின் மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

இதற்கு மேல் இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை. அவர் வெளியே சின்னசாமி அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறார், உள்ளே வந்துவிடுவார்.

8-2-2001, வியாழக்கிழமை.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இந்தத் தாளை ரேஷன் கார்டு வைக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஊர் விஷயம் என்றால், மைன்ஸை இந்த மாதக் கடைசியோடு மூடிவிடுவார்கள் என்று பேச்சு. யூனியன்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள். ஒருத்தர் மூட மாட்டார்கள் என்கிறார், ஒருத்தர் மூடியாகிவிட்டது என்கிறார். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வருகிறது. சின்னசாமி அண்ணன் வீட்டுக் கூரைத் தகடு காற்றில் போய்விட்டது. உன் சிநேகிதி ஐடாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சுகப் பிரசவம்.

டாக்டர் சளியைப் பரிசோதிக்கக் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கல் தூசி உள்ள நெஞ்சில் டி.பி. சுலபமாக ஒட்டிக்கொள்ளுமாம். திங்கட்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் போகும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? முருகா, இவருக்கு டி.பி. இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். டி.பி. என்றால் மாத்திரை இருக்கிறது, ஆறு மாதமோ எட்டு மாதமோ தின்றால் போய்விடும். கட்டின புருஷனுக்கு டி.பி. வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று காலை ஜெயசீலியோடு போய் முடிவை வாங்கினேன். டி.பி. இல்லை. ஜெயசீலி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று என் கையைப் பிடித்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை.

திரும்பும்போது ராபர்ட்சன்பேட்டையில் இறங்கி டாக்டரிடம் காகிதத்தைக் காட்டினேன். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள மாத்திரை, மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து, வேளைக்கு வேளை சாப்பாடு, புகையும் தூசியும் கூடாது, இதுதான் செய்ய முடியும் என்றார். தழும்பை எடுக்க மருந்து கிடையாது, இங்கேயும் கிடையாது, உங்கள் மகள் இருக்கிற ஊரிலும் கிடையாது என்றார். முட்டை சாப்பிடச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னார். என் மகள் டிசம்பரில் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து வருகிறாள், அவளிடம் அப்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று நான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, அதற்கு முன்னால் லீவு கிடைக்காதா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

உன் அப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வீட்டில் பிரிக்காத டப்பா ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது அவரே அதைப் பிரித்து ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் ஐயா நீ, இத்தனை கேட்டும் குடிக்கிறாயே என்று சண்டைக்குப் போனேன். கொழந்த கால் கடுக்க நின்னு சம்பாரிச்சு அனுப்பினது, கெடுதல் இல்லன்னுதான டாக்டரம்மா சொன்னாங்க, கொட்ட சொல்றியா என்றார். முருகனுக்கு என்ன பதில் சொல்வாய் என்றேன். அத நான் பேசிக்கறேன் என்றார். சாப்பாட்டை மட்டும் இப்போது குறைக்காமல் சாப்பிடுகிறார். முட்டை இன்னும் தொடவில்லை.

உனக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நேற்று உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் இந்தக் கடிதம் வரும் வாரமே உனக்கு வந்து சேரும். அதில், பவுடர் குடித்து முட்டி முழுக்கத் தேவலையாகிவிட்டது, இனிமேல் தேவையில்லை, அதனால் அனுப்ப வேண்டாம், தினம் ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் நடந்தே போய் வருகிறேன் என்று இருக்கும். எழுத்து என்னுடையது, வார்த்தை அவருடையது. நடந்தே என்ற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். அதில் ஒரு வரியைக்கூட நம்பாதே. ஆனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

கடையில் உன்னிடம் யாராவது வயதானவர் வந்து இந்தப் பவுடரைக் கேட்டால், விற்காதே என்று நான் சொல்லவில்லை, அது உன் வேலை. முட்டிக்கா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. மூச்சு எப்படி இருக்கிறது, பசி எப்படி இருக்கிறது, டாக்டரைப் பார்த்தீர்களா என்றும் கேள். நீ கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போமா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டோம்.

முதலாளியிடம் கேள். மாப்பிள்ளையையும் கேட்கச் சொல். ஒரு மாதம் கிடைக்காவிட்டால் பதினைந்து நாள், பதினைந்து நாள் கிடைக்காவிட்டால் ஒரு வாரம். அவருக்காக வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, சத்தியத்தை மீறினேன் என்று என்னோடு பேச மாட்டார். மைன்ஸை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல். அதை நம்புவார்.

நீயும் மாப்பிள்ளையும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். அவர் கடிதம் கிடைத்ததும் அதற்கு உடனே பதில் போடு. முட்டி தேவலையானதில் ரொம்ப சந்தோஷம் அப்பா என்று பெரிய எழுத்தில் எழுது, அவர் நாலு பேரிடம் படித்துக் காட்டுவார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. நீ வா.

உன் அம்மா,
தாயம்மா.